துன்பத்தில் தோழமை

(பொன்விழா நவநாளின் ஆறாம் மாலையில் பங்குத்தந்தை ஆற்றிய உரை)



நமது பங்கின் பொன்விழாவை முன்னிட்டு இந்த நவநாள்களில் மாலைதோறும் ஒரு பொருளைப் பற்றிச் சிந்தித்து வருகிறோம். ஆலயம் எழும்பிய வரலாற்றைக் கேட்டோம். கல்லும் மணலும் சுமந்தவர்களையும், பிடியரிசி சேர்த்துக் கொடுத்த தாய்மார்களையும் நன்றியோடு நினைவுகூர்ந்தோம். இன்று மாலை நாம் பேச எடுத்துக்கொண்டது எந்தக் கல்வெட்டிலும் பொறிக்கப்படாத ஒரு பணி. துயரத்தில் இருக்கும் நண்பனுக்கு நாம் எப்படி ஆறுதலாய் இருப்பது என்பதே அது.

ஞானோபதேச வகுப்பில் இரக்கச் செயல்கள் பதினான்கை மனப்பாடம் செய்தோம். உடலுக்கடுத்தவை ஏழு, ஆன்மாவுக்கடுத்தவை ஏழு. துயரப்படுவோரைத் தேற்றுவது பின்னவற்றுள் ஒன்று. பசித்தவனுக்குச் சோறு போடுவதற்கு அரிசி வேண்டும். ஆடையில்லாதவனுக்கு உடுத்தத் துணி வேண்டும். ஆறுதல் சொல்வதற்குக் காசு பணம் எதுவும் தேவையில்லை. ஆயினும் பதினான்கிலும் நாம் அதிகமாகத் தட்டிக்கழிப்பது இதைத்தான் என்று நமக்குத் தோன்றுகிறது. ஏன்?

நமக்கு இரக்கம் இல்லாததால் அல்ல. என்ன பேசுவது என்று தெரியாத அச்சமே காரணம். வியாபாரம் நொடித்துப் போன நண்பன் எதிரே வருகிறான். என்ன கேட்பது, எப்படிக் கேட்பது என்ற தயக்கத்தில் பக்கத்துச் சந்தில் திரும்பிவிடுகிறோம். மகன் பரீட்சையில் தவறிவிட்டான், மகள் கணவன் வீட்டிலிருந்து திரும்பி வந்துவிட்டாள், தலைவர் குடிக்கு அடிமையாகிவிட்டார் என்று தெரிந்த வீட்டுப் பக்கம் போவதைக் குறைத்துக் கொள்கிறோம். அவர்கள் மனம் புண்படக்கூடாது என்றுதான் போகவில்லை என்று நமக்கு நாமே சமாதானம் சொல்லிக்கொள்கிறோம். ஆனால் அந்த வீட்டார் அதை எப்படி எடுத்துக்கொள்கிறார்கள்? "கஷ்டம் வந்தது, ஆள்கள் போய்விட்டார்கள்" என்றுதான் எடுத்துக்கொள்கிறார்கள். பூசையில் ஒரு குடும்பம் வழக்கமாக அமரும் இடம் நாலைந்து ஞாயிறுகள் தொடர்ந்து காலியாக இருந்தால், பல வேளைகளில் அதற்குக் காரணம் விசுவாசக் குறைவு அல்ல. பிறர் முகத்தில் விழிக்கக் கூச்சமாயிருப்பதே காரணம்.

மரணம் நேர்ந்த வீட்டில் நிலைமை வேறு. அங்கே முதல் வாரம் கூட்டத்துக்குக் குறைவில்லை. துக்கம் விசாரிக்க ஊரே திரண்டு வருகிறது. ஏழாம் நாள் பூசை முடிந்து, முப்பதாம் நாள் பூசையும் முடிந்து, பந்தல் பிரித்து, வாடகை நாற்காலிகளை ஏற்றிச் சென்ற பிறகுதான் அந்த வீட்டில் உண்மையான தனிமை குடிபுகுகிறது. 2017-ஆம் ஆண்டு நவம்பர் 30-ஆம் நாள் ஒக்கிப் புயல் குமரி மாவட்டக் கடற்கரையைத் தாக்கியதே, நினைவிருக்கிறதல்லவா? கடலுக்குப் போனவரின் உடல்கூடக் கிடைக்காத வீடுகள் எத்தனை! அடக்கம் செய்யக் கல்லறை இல்லை. அழுது முடிக்க ஒரு நாள் இல்லை. அப்படிப்பட்ட வீட்டுக்கு மூன்றாம் மாதமும் மூன்றாம் ஆண்டும் சென்று அமர்கிறவனே நண்பன்.

விவிலியத்தில் யோபுவின் நூலை எடுத்துப் பாருங்கள். செல்வம் போயிற்று, மக்கள் மாண்டார்கள், உடம்பெல்லாம் புண். மூன்று நண்பர்கள் தத்தம் ஊர்களிலிருந்து புறப்பட்டு அவரைத் தேற்ற வந்தார்கள். யோபுவின் கோலத்தைக் கண்டு கதறி அழுதார்கள். பிறகு ஏழு பகலும் ஏழு இரவும் அவரோடு தரையில் அமர்ந்திருந்தார்கள். ஒரு வார்த்தையும் பேசவில்லை. அந்த ஏழு நாளும் அவர்கள் மிக நல்ல நண்பர்களாகவே இருந்தார்கள்! அதன்பின் யோபு வாய் திறந்து தம் வேதனையைக் கொட்டியதும், அவர்களும் வாய் திறந்தார்கள். அங்கேதான் வந்தது வினை. நீ ஏதோ பாவம் செய்திருப்பாய், அதனால்தான் இந்தத் தண்டனை என்று நிரூபிப்பதில் ஒருவரையொருவர் மிஞ்சினார்கள். ஆறுதல் சொல்ல வந்தவர்கள் வழக்கறிஞர்களாக மாறிவிட்டார்கள். நூலின் முடிவில் இறைவன் சினம் கொள்வது புலம்பிய யோபுவின்மீது அல்ல. இறைவனுக்காக வாதாடுவதாக எண்ணிக்கொண்ட அந்த நண்பர்கள்மீதே. நொந்துபோன யோபுவே அவர்களுக்காக மன்றாட வேண்டியதாயிற்று.

நமது ஊர்களிலும் இந்த வழக்கறிஞர்கள் இருக்கிறார்கள். "எல்லாம் உன் நன்மைக்கே" என்பார் ஒருவர். "கடவுளுக்குப் பிரியமானவர்களைத்தான் அவர் சோதிப்பார்" என்பார் மற்றொருவர். "உனக்காவது இவ்வளவோடு போயிற்று, என் மைத்துனருக்கு நேர்ந்ததைக் கேள்" என்று மூன்றாமவர் தொடங்குவார். இவையெல்லாம் நல்லெண்ணத்தோடு சொல்லப்படுபவைதாம். ஆனாலும் கேட்கிறவன் நெஞ்சில் இவை எப்படி இறங்குகின்றன? "உன் அழுகையை நிறுத்து, எனக்குக் கேட்கச் சகிக்கவில்லை" என்றே இறங்குகின்றன. கடவுளின் சித்தம் என்பது துன்பப்படுகிறவன் தானே மெல்ல மெல்லத் தேடிக் கண்டடைய வேண்டிய உண்மை. அடுத்தவன் அதை எடுத்து அவன் தலையில் வைத்தால் அது பாரமாகிவிடும்.

திருவள்ளுவர் நட்பைப் பற்றி ஐந்து அதிகாரங்கள் எழுதியிருக்கிறார். இடுப்பு ஆடை நெகிழும்போது விரைந்து சென்று பற்றும் கையை அவர் நட்புக்கு உவமையாகக் காட்டுவதை நீங்கள் அறிவீர்கள். அந்தக் கையைச் சற்று எண்ணிப் பாருங்கள். அது ஏன் நெகிழ்ந்தது என்று விசாரிப்பதில்லை. கூப்பிடட்டும் என்று காத்திருப்பதில்லை. காரியம் முடிந்தபின் ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருப்பதுமில்லை. எல்லாவற்றுக்கும் மேலாக, மானம் போகாமல் காக்கிறது. துயரப்படுகிறவனுக்கு முதலில் தேவைப்படுவது அவன் மானம் காக்கப்படுவதே.

இனி, நமது மண்ணிலேயே நடந்த ஒரு வரலாற்றைச் சொல்ல விரும்புகிறோம். புனித சவேரியாரை நாம் பெரும் போதகராக அறிவோம். புதுமைகள் செய்தவராகப் போற்றுகிறோம். அவர் ஒரு நல்ல நண்பர் என்பதை நம்மில் பலர் அறிவதில்லை. அவர் 1542-ஆம் ஆண்டில் முத்துக்குளித்துறைக்கு வந்தார். 1544-ஆம் ஆண்டில் அவரோடு பிரான்சிஸ் மான்சிலாஸ் என்ற போர்த்துக்கீசியத் துணைவர் ஒருவரும் அந்தக் கடற்கரையில் உழைத்தார். மான்சிலாஸ் பெரிய படிப்பாளி அல்லர். புரியாத மொழி, சுட்டெரிக்கும் வெயில், தீராத சச்சரவுகள், ஒவ்வொன்றுக்கும் தம்மையே தேடி வரும் மக்கள். மனிதர் அடிக்கடி சோர்ந்து போனார், பொறுமை இழந்தார். இருவரும் வெவ்வேறு ஊர்களில் இருந்ததால் சவேரியார் அவருக்குக் கடிதம் எழுதினார். புன்னைக்காயல், மணப்பாடு, தூத்துக்குடி, வீரபாண்டியன்பட்டணம், ஆலந்தலை, திருச்செந்தூர் என்று தாம் போன இடத்திலிருந்தெல்லாம் எழுதினார். அந்த ஓராண்டில் எழுதியவற்றுள் இருபதுக்கு மேற்பட்ட கடிதங்கள் இன்றும் கிடைக்கின்றன. பெற்றவர் அவற்றைக் கிழித்தெறியாமல் போற்றி வைத்திருந்தார் என்பது இதனாலேயே விளங்குகிறதல்லவா?

அந்தக் கடிதங்களில் நாம் கற்கவேண்டியவை மூன்று.

முதலாவது, சவேரியார் தம் கஷ்டத்தை மறைக்கவில்லை. அவ்வாண்டு ஆகஸ்ட் மாதத்தில் அவருடைய மொழிபெயர்ப்பாளர் நோயுற்று மணப்பாட்டில் கிடந்தார். சவேரியார் மக்கள் நடுவே தனியாக இருந்தார். அவர் பேச்சு மக்களுக்குப் புரியவில்லை; மக்கள் பேச்சு அவருக்குப் புரியவில்லை. என் நிலைமையை நீரே ஊகித்துக்கொள்ளும் என்ற கருத்தில் மான்சிலாசுக்கு எழுதுகிறார். கூடவே, குழந்தைகளுக்கு ஞானஸ்நானம் கொடுக்க மொழிபெயர்ப்பாளர் தேவையில்லை, ஏழைகள் தங்கள் தேவையைத் தெரிவிக்கவும் தேவையில்லை என்றும் குறிப்பிடுகிறார். சோர்ந்த நண்பனுக்கு அது எப்படி இருந்திருக்கும்! மேட்டில் நின்று புத்தி சொல்லும் குரல் அல்ல அது. அதே பள்ளத்தில் நின்று லேசாகப் புன்னகைக்கும் குரல்.

இரண்டாவது, அவர் பொத்தாம் பொதுவாகப் பேசவில்லை. எந்த ஊருக்குப் போக வேண்டும், யாரைப் பார்க்க வேண்டும் என்று காரியத்தைச் சொல்கிறார். உமது செய்தியை எழுதும் என்று கேட்கிறார். சோர்ந்தவனுக்கு ஒரு சிறு வேலை கொடுப்பதும் ஆறுதலே. தன்னால் இன்னும் ஒருவருக்குப் பயனுண்டு என்று அவன் உணர்கிறான்.

மூன்றாவது, துன்பம் என்று கேட்டவுடன் புறப்பட்டுவிடுகிறார். 1544 ஜூன் மாதத்தில் வடுகர் படை குமரிமுனைப் பக்கத்து மக்களைத் தாக்கியது. மக்கள் கடலிலுள்ள பாறைகளில் ஏறி, பசியாலும் தாகத்தாலும் மடிந்துகொண்டிருந்தார்கள். செய்தி கேட்ட அன்றிரவே இருபது தோணிகளோடு மணப்பாட்டிலிருந்து புறப்படுவதாகச் சவேரியார் எழுதுகிறார். எதிர்க்காற்று அவரை விடவில்லை. முனையை அடைய முடியாமல் திரும்ப வேண்டியதாயிற்று. அதோடு விட்டாரா? தரைவழியே நடந்து போய் அந்த மக்களைக் கண்டார். தோணி போகாவிட்டால் கால் போகும்! நண்பனைத் தேற்ற நாம் எடுக்கும் முதல் முயற்சி பலிக்காமல் போகலாம். அவன் கதவைத் திறக்காமல் இருக்கலாம். போனை எடுக்காமல் இருக்கலாம். வேறு வழியாக மறுபடியும் போகவேண்டும்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். அதே ஆண்டு செப்டம்பரில் தூத்துக்குடியின் போர்த்துக்கீசியத் தளபதிக்கே ஆபத்து வந்தது. அவருடைய கப்பலும் வீடும் எரிக்கப்பட்டு, அவர் அருகிலுள்ள தீவுகளில் ஒதுங்கினார். அந்தத் தளபதியோடு சவேரியாருக்குக் கடும் மனத்தாங்கல் இருந்தது. ஆயினும் செய்தி கிடைத்தவுடன், தோணிகளையும் தண்ணீரையும் எடுத்துக்கொண்டு தாமதமின்றி அவருக்கு உதவப் போகும்படி மான்சிலாசுக்கு எழுதினார். தண்ணீர் இல்லாத தீவில் இருப்பவனிடம் பழைய கணக்கைப் பார்க்கலாமா? நம்மிடையே பேச்சு வார்த்தை இல்லாத பங்காளிகள் உண்டு. வரப்புத் தகராறில் முகம் திருப்பிக்கொண்டவர்கள் உண்டு. துன்பம் வந்த நாள் அந்தக் கணக்கை மூடி வைக்கும் நாள்.

அவ்வளவு பேரைத் தேற்றிய சவேரியாருக்கும் ஆறுதல் தேவைப்பட்டது. 1546-இல் தொலைவிலுள்ள அம்போன் தீவில் இருந்தபோது, தம் சபைச் சகோதரர்கள் எழுதிய கடிதங்களிலிருந்து அவர்கள் கைப்பட எழுதிய பெயர்களை மட்டும் வெட்டியெடுத்து, ஆறுதலாக எப்போதும் உடன் வைத்துக்கொண்டதாக அவரே எழுதியிருக்கிறார். ஒரு நண்பனின் கையெழுத்து ஒரு புனிதரையே தாங்கியிருக்கிறது. இன்று எல்லார் கையிலும் கைபேசி இருக்கிறது. ஒரு நொடியில் பூப்படம் போட்டு "காலை வணக்கம்" அனுப்பிவிடுகிறோம். நூறு பேருக்குப் போகும் பூப்படம் வேறு. "நேற்று உன்னை நினைத்துக்கொண்டேன், சாயங்காலம் வருகிறேன்" என்று ஒருவனுக்கே எழுதும் வரி வேறு.

அன்பர்களே, இனி நடைமுறைக்கு வருவோம்.

போய் அமருங்கள். பேச வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. நாம் முன்பு பணியாற்றிய பங்கு ஒன்றில் கடை தீப்பற்றி எரிந்து போன ஒருவர் இருந்தார். அவருடைய நண்பர் தினமும் மாலையில் வந்து திண்ணையில் அமர்வார். கடையைப் பற்றி ஒரு சொல்லும் கேட்கமாட்டார். இருவரும் தேநீர் குடிப்பார்கள். மழை வருமா வராதா என்று பேசுவார்கள். பல நாள் கழித்து ஒரு மாலை, கடைக்காரர் தாமாகவே எல்லாவற்றையும் கொட்டித் தீர்த்தார். பேச்சு வெளியே வரும்வரை காத்திருந்ததே அந்த நண்பர் செய்த உதவி.

"ஏதாவது வேண்டுமானால் சொல்" என்று சொல்லிவிட்டுத் திரும்பாதீர்கள். நொந்தவனுக்குக் கேட்க வாய் வராது. பிள்ளைகளைப் பள்ளிக்கு அழைத்துப் போங்கள். ரேஷன் கடை வரிசையில் அவர்களுக்காகவும் நில்லுங்கள். ஆஸ்பத்திரியில் ஓரிரவு துணைக்குப் படுங்கள். ஒரு தூக்குவாளியில் குழம்பு கொண்டு போங்கள்.

சிரிக்க வைக்கத் தயங்காதீர்கள், அவசரப்படவும் வேண்டாம். துக்க வீட்டிலும் இறந்தவரின் பழைய குறும்பை யாராவது சொன்னால், கண்ணீரோடு சிரிப்பும் வருவதைக் கண்டிருக்கிறோம். அந்தச் சிரிப்பு மரியாதைக் குறைவு அல்ல, மருந்து. இறந்தவரின் பெயரைச் சொல்ல அஞ்சாதீர்கள். அந்தப் பெயரைக் கேட்கத்தான் அந்தத் தாய் ஏங்குகிறாள்.

கேட்டதை வெளியே விடாதீர்கள். பாவசங்கீர்த்தனத் தொட்டியில் கேட்டதைக் குரு காப்பதுபோல், நண்பனிடம் கேட்டதை நண்பன் காக்க வேண்டும். ஒரேயொரு விதிவிலக்கு உண்டு. "இனி வாழ்ந்து என்ன பயன்" என்று அவன் பேசத் தொடங்கினால் அதை லேசாக எண்ணாதீர்கள். தற்கொலை எண்ணம் உண்டா என்று நேரடியாகவே அன்போடு கேளுங்கள். கேட்பதனால் அந்த எண்ணம் உண்டாகிவிடாது. உள்ளே பூட்டி வைத்தது வெளியே வரும். அவனைத் தனியே விடாதீர்கள். வீட்டில் பூச்சிமருந்து இருந்தால் அப்புறப்படுத்துங்கள். மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள். மனச்சோர்வு ஒரு நோய். அதற்குச் சிகிச்சை உண்டு. ஜெபமும் மருந்தும் ஒன்றுக்கொன்று பகையல்ல. 2022-ஆம் ஆண்டு அக்டோபரில் தொடங்கப்பட்ட 14416 என்ற அரசுத் தொலைபேசி எண்ணில் இரவும் பகலும் மனநல ஆலோசனை கிடைக்கிறது. போலீஸ் கேஸ் ஆகிவிடும் என்று மறைக்கவும் வேண்டாம். 2017-ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம், அப்படி முயன்றவரைக் கடும் மன அழுத்தத்தில் இருந்தவராகவே கருதச் சொல்கிறது.

அத்தகைய மரணம் நேர்ந்த வீடுகளும் உண்டு. அவர்களைப் பற்றி முணுமுணுப்பதை இந்தப் பொன்விழா ஆண்டோடு விட்டுவிடுவோம். 1983-ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டத்தில், அடக்கச் சடங்கு மறுக்கப்படுவோர் பட்டியலில் தற்கொலை செய்துகொண்டவர்கள் இல்லை. 1992-இல் வெளிவந்த கத்தோலிக்க மறைக்கல்வி நூலும் அவர்களுடைய மீட்பைப் பற்றி நம்பிக்கை இழக்க வேண்டாம் என்றே போதிக்கிறது. திருச்சபை மூடாத கதவை நாம் ஏன் மூடவேண்டும்?

எம்மாவு ஊருக்குப் போன இரு சீடர்களை நினையுங்கள். முகம் வாடி நடந்தார்கள். உயிர்த்த ஆண்டவர் வந்து சேர்ந்ததும் என்ன செய்தார்? முதலில் கூடவே நடந்தார். பிறகு என்ன பேசிக்கொள்கிறீர்கள் என்று கேட்டார். எல்லாம் அறிந்தவர், ஒன்றும் அறியாதவர்போல் அவர்கள் கதை முழுவதையும் சொல்ல விட்டார். அதன் பிறகே மறைநூலை விளக்கினார். பொழுது சாய்ந்ததும் அவர்களோடு பந்தியில் அமர்ந்தார். நடத்தல், கேட்டல், அதன்பின் பேசுதல், சேர்ந்து உண்ணுதல் என்ற இந்த வரிசையை மாற்றாதிருந்தால் போதும்.

எல்லாம் செய்தும் பலன் தெரியாமல் போகலாம். மான்சிலாசின் கதை எப்படி முடிந்தது தெரியுமா? பின்னர் சவேரியார் அவரை மலுக்குத் தீவுகளுக்கு அழைத்தபோது அவர் போக மறுத்தார், சபையிலிருந்து விலக்கப்பட்டார். அத்தனை கடிதங்களும் வீணா? சவேரியார் இறந்தபின் 1556, 1557 ஆண்டுகளில் அவருடைய புனித வாழ்வைப் பற்றி விசாரணை நடந்தது. அப்போது கொச்சியில் சாட்சி சொல்ல வந்தவர்களில் அதே மான்சிலாசும் ஒருவர். சபை விட்டுப்போன உறவு நண்பரை விட்டுப் போகவில்லை. விதைப்பதே நமது வேலை. முளைக்கும் நாளை நாம் குறிக்க முடியாது.

ஆகவே, இறைமக்களே, பொன்விழா நினைவாக உங்களிடம் ஒரே காணிக்கை கேட்கிறோம். இன்றிரவு வீட்டு ஜெபத்தின்போது, துயரத்தில் இருக்கும் ஒருவரின் பெயரை மனதில் எடுங்கள். கொடியிறக்கத்துக்குள் அவர் வீட்டு வாசலை மிதியுங்கள். திருவிழா அன்று அவரைத் தனியாக வரவிடாமல் கூடவே அழைத்து வந்து, உங்கள் பக்கத்தில் அமர்த்திக்கொள்ளுங்கள். ஐம்பது ஆண்டுகளுக்கு முன் நம் முன்னோர் கல்லும் மணலும் சுமந்து இந்த ஆலயத்தைக் கட்டினார்கள். நாம் ஒருவர் பாரத்தை ஒருவர் சுமந்து இந்தப் பங்கைக் கட்டுவோம்.

வியாகுல மாதா நமக்காக மன்றாடுவாராக! ஆறுதலின் ஊற்றாகிய இறைவன் உங்கள் அனைவரையும் ஆசீர்வதிப்பாராக!